வழிவிடு மருமகனே

இரு மனே, இரு. அந்தப் போனைக் கவுத்து வெச்சுப்போட்டு இந்தக் கச்சானை உடை. உடைச்சுக்கொண்டே மாமன் சொல்றதைக் கேளு.

லீவில வந்த நாள் தொட்டு உனக்கு ஒரே பாட்டுத்தான். மொன்சாவில பியாஸ்திரிக்கு அநியாயம் நடந்து போச்சாம். ஃபோர்முலா 1 கார் ஓட்டப் போட்டியில, ஆர் ஆருக்கு வழிவிடுறது எண்டு கொம்பனி சாரதிமாருக்குப் போடுற டீம் ஓடர் எண்ட சாமானையே தடை செய்யவேணுமாம். கொக்கட்டிச்சோலைச் சந்தியில நிண்டாலும் இதுதான் கதை, மண்முனைப் பாலத்துல காத்து வாங்க நிண்டாலும் இதுதான் கதை. நேத்து ராவு தோணிக்குள்ள இருந்தும் இதையே பறைஞ்சாய். பாடுற மீனெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு ஆத்துக்கு அடியில போயிட்டுதுகள். உன்ட அம்மா என்னட்ட வந்து, "அண்ணே, இவனுக்கு என்ன பிடிச்சிருக்கு, ஒருக்காக் கோயிலடியில பார்ப்பிக்கட்டா?" எண்டு கேக்கிறா. பொறு புள்ள, முதல்ல நான் பார்க்கிறன் எண்டு சொல்லி அனுப்பியிருக்கன்.

வழக்கு எண்டா முதல்ல நடந்ததைச் சொல்லவேணும். 2025 செப்டெம்பர் 7. இத்தாலி நாட்டு மொன்சா. மக்லாரன் கொம்பனிக்கு ரெண்டு கார். நோரிஸ் முன்னுக்கு, பியாஸ்திரி பின்னுக்கு. டயர் மாத்தப் போன இடத்துல நோரிஸ்ட டயர் ஒண்டு சண்டித்தனம் பண்ணிப்போட்டுது. ரெண்டு, ரெண்டரைச் செக்கனில முடியிற வேலை ஆறு செக்கன் மட்டுக்கும் இழுத்துது. அவன் வெளியில வந்து பார்த்தா, பியாஸ்திரி முன்னுக்குப் போறான். உடனே காதுக்குள்ள கட்டளை, இடத்தைத் திருப்பிக் குடு எண்டு. டயர் மாத்தச் சுணங்கினா அதுவும் ஓட்டத்துல ஒரு பங்குதான் எண்டு முதலே பேசி வெச்சதுதானே, இப்ப என்ன மாறிப்போச்சு எண்டு பொடியன் கேட்டான். கேட்டுப்போட்டு, கால் எடுத்து வழியும் விட்டிட்டான். நோரிஸ் ரெண்டாமிடம், 18 புள்ளி. பியாஸ்திரி மூண்டாமிடம், 15 புள்ளி.

முதலாமிடம் வந்த வெர்ஸ்டப்பனுக்கு இந்தப் புதினத்தை ரேடியோவில சொன்னாங்கள். டயர் மாத்தச் சுணங்கினதுக்காகவா எண்டு கேட்டு அவன் சிரிச்சான். நீயும் அந்தச் சிரிப்பை எனக்குப் பத்துத் தரம் போட்டுக் காட்டினாய். சிரிச்சவன்ட கதை என்னாச்சு எண்டு மட்டும் நீ சொல்லல்ல. மார்கழி மாசம் அபுதாபியில வருசக் கணக்கு முடிஞ்சுது. நோரிஸ் 423, வெர்ஸ்டப்பன் 421. இப்ப மொன்சாவில கை மாறின மூண்டு புள்ளியைக் கழிச்சுப் பார். 420. மிச்சமெல்லாம் நடந்தபடியே நடந்திருந்தா உலகக் கிண்ணம் வெர்ஸ்டப்பன்ட வீட்டு அலுமாரியில இருக்கும். அண்டைக்குச் சிரிச்ச சிரிப்புக்கு மூண்டு மாசத்தால வட்டியும் முதலும் கட்டினான் மனிசன். இந்தக் கணக்கை நான் கொப்பித் தாளில எழுதிப் பார்த்துத்தான் சொல்றன். என்னைப் போடியார் எண்டு கூப்பிடுறது வயலைப் பார்த்து இல்ல, கணக்கைப் பார்த்து. வயலைப் பார்த்தா ஒருத்தனும் கூப்பிடமாட்டான்.

"அதைத்தானே மாமா நானும் சொல்றன், களவு" எண்டு துள்ளாத. களவா இல்லையா எண்டு பார்க்க முதல், இந்த விளையாட்டு எப்படிப்பட்ட விளையாட்டு எண்டு பார்க்கவேணும்.

நம்மட கொம்புமுறி உனக்குத் தெரியும். கண்டிருக்கமாட்டாய், ஆனாக் கேள்விப்பட்டிருப்பாய். கண்ணகை அம்மனுக்குச் செய்யிற விளையாட்டு. ஊர் ரெண்டு சேரியாப் பிரியும், வடசேரி, தென்சேரி எண்டு. வடசேரிக்கு ஒரு கொம்பு, தென்சேரிக்கு ஒரு கொம்பு. ரெண்டையும் கொளுவி, கயிறு போட்டு இழுப்பாங்கள். முறிஞ்ச கொம்பு தோத்த கொம்பு. அவ்வளவுதான். வடசேரிக்காரன் ஒருத்தனும் தென்சேரிக்கு விட்டுக்குடுக்கமாட்டான். விட்டுக்குடுத்தா அவனை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டாங்கள். இந்தக் கார் ஓட்டத்துல என்ன கோளாறு எண்டா, ஒரு சேரிக்கு ரெண்டு கொம்பு. ரெண்டும் சேர்ந்து மத்தச் சேரிக் கொம்பையும் முறிக்கவேணும், ஒண்டை ஒண்டும் முறிக்கவேணும். கிண்ணமும் ரெண்டு. ஓட்டுறவனுக்கு ஒண்டு, கொம்பனிக்கு ஒண்டு. கொம்பனிக்குப் பரிசுக் காசு வாறது அந்த ரெண்டாங் கிண்ணத்தால. அந்தக் காசுலதான் ஆயிரம் பேர்ட அடுப்பு எரியுது. இப்படி ஒரு விளையாட்டை உண்டாக்கிப்போட்டு, "ரெண்டு கொம்புக்காரருக்கும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது" எண்டா, அது நடக்கிற காரியமா? சொல்லுவாங்கள். வாயால சொல்லாட்டி கண்ணால சொல்லுவாங்கள்.

ஒண்டும் சொல்லாத ஓட்டம் பார்க்க ஆசையா? நுவரெலியாவுக்குப் போ. மகாகஸ்தோட்டையில மலையேத்த ஓட்டம் வைக்கிறாங்கள். ஒவ்வொரு வாகனமாத் தனியத் தனிய ஏறும், மணிக்கூடு மட்டும்தான் எதிரி. மணிக்கூட்டுக்கு ஆர் ஓடர் போடுறது? சுத்தமான விளையாட்டு. ஆனா உனக்கு ரெண்டு காரைப் பார்க்கும் முதலே கொட்டாவி வந்திடும், ஏனெண்டா உனக்குச் சண்டை வேணும். சண்டையும் வேணும், நீதியும் வேணும், ரெண்டும் ஒரே தட்டுல வேணும். கலியாண வீட்டுலயும் உனக்கு இப்படித்தான், மீனும் வேணும், பாயாசமும் வேணும்.

சரி, தடை செய்யவேணும் எண்டாய். தடை செஞ்சு பார்த்தவங்கள் மனே. அந்தக் கதையை ஆறுதலாச் சொல்றன், அதுலதான் ருசி இருக்கு.

2002 மே 12, ஒஸ்ரியா நாடு. ஃபெராரி கொம்பனிக்கு ஷூமாக்கரும் பரிக்கெல்லோவும். அண்டைக்கு முதலாவதாப் புறப்பட்டவன் பரிக்கெல்லோ, கிட்டத்தட்ட முழு ஓட்டமும் முன்னுக்கு நிண்டவனும் பரிக்கெல்லோ. 17 ஓட்டத்துல அது ஆறாவது ஓட்டம்தான். ஷூமாக்கர் ஏற்கெனவே எல்லாரையும் விட்டு எங்கயோ போயிட்டான். அப்படியிருந்தும் கொம்பனி மேலாளர் ஜான் டொட் கட்டளை போட்டார், ஷூமாக்கருக்கு விடு எண்டு. பரிக்கெல்லோ கடைசிச் சுத்தில, முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியிற இடம் வரைக்கும் வந்து, உலகமே பார்க்கக் கால் எடுத்தான். ரெண்டு பேருக்கும் இடையில ஒரு செக்கனில அஞ்சில ஒரு பங்குகூட இல்ல. சனம் கூ அடிச்சுது பார், அப்படி ஒரு கூ. ஷூமாக்கருக்கு வெக்கம் பிடிச்சு, மேடையில பரிக்கெல்லோவை முதலாம் படியில ஏத்தி விட்டிட்டுத் தான் ரெண்டாம் படியில நிண்டான். கிண்ணத்தையும் அவன்ட கையில குடுத்திட்டான்.

இனித்தான் பகடி. போட்டி நடத்துற எஃப்ஐஏ எண்ட சங்கம் ஃபெராரியைக் கூப்பிட்டு விசாரிச்சுது. 10 லட்சம் டொலர் தண்டம், அதுல பாதியை நிப்பாட்டி வெச்சாங்கள். என்னத்துக்குத் தண்டம் எண்டு நினைக்கிறாய்? வழிவிடச் சொன்னதுக்கோ? இல்ல. அதுக்கு அப்ப சட்டமே இல்ல. மேடையில படி மாறி ஏறினதுக்கு! வெண்டவனைத் தோத்த படியிலயும் தோத்தவனை வெண்ட படியிலயும் நிப்பாட்டினதுக்கு! அந்த நாள் முழுக்க நடந்த காரியத்துல நேர்மையா நடந்த ஒண்டே ஒண்டு ஷூமாக்கர் பரிக்கெல்லோவை மேல ஏத்தி விட்டதுதான். தண்டம் விழுந்ததும் அதுக்குத்தான். நம்மட ஊர்ப் பஞ்சாயத்துகூட இப்படி ஒரு தீர்ப்புச் சொன்னதை நான் காணல்ல.

மறுகா என்ன? அந்த வருசம் முடியத் தடை போட்டாங்கள். ஓட்ட முடிவை மாத்துற டீம் ஓடர் கூடாது எண்டு எழுதி வெச்சாங்கள். 2003 தொட்டு 2010 வரைக்கும் அந்தச் சட்டம் புத்தகத்துல கிடந்துது. அந்தக் காலத்துல ஓடர் இல்லாமப் போச்சோ? அங்கதான் கேளு.

2010 ஜூலை 25, ஜேர்மனி நாட்டு ஹொக்கன்ஹைம். மஸ்ஸா முன்னுக்கு, அலொன்சோ பின்னுக்கு, ரெண்டு பேரும் ஃபெராரி. மஸ்ஸாட காதுக்குள்ள அவன்ட இஞ்சினியர் சொல்றார், அலொன்சோ உன்னை விட வேகம், விளங்கினதெண்டா சொல்லு எண்டு. வழிவிடு எண்டு ஒரு சொல் இல்ல பார்! குசினிக்குள்ள இருந்து கிழவி "சோறு ஆறுது" எண்டு சொன்னா "வந்து தின்" எண்டு தானே கருத்து? அதே பாஷை. மஸ்ஸா விட்டிட்டான். அது என்ன நாள் தெரியுமா? அதுக்குச் சரியா ஒரு வருசத்துக்கு முதல், 2009 ஜூலை 25-ல, ஹங்கேரியில முன்னுக்குப் போன காரில இருந்து கழண்டு வந்த வில்லுக்கம்பி தலையில அடிச்சு மஸ்ஸா ஆசுப்பத்திரிக்குப் போனவன். பிழைச்சு வந்து, அதே நாளில ஒரு ஓட்டத்தை வெல்லப் போன மனிசனுக்குத்தான் இந்தச் செய்தி. ஃபெராரிக்கு ஒரு லட்சம் டொலர் தண்டம். அவங்களுக்கு அது கச்சான் காசு. அலொன்சோ அண்டைக்கு ஏழு புள்ளி கூட வாங்கியும், வருச முடிவில நாலு புள்ளியால வெட்டலிட்ட தோத்தான். பாவம் செஞ்சும் பலன் இல்ல.

அதுக்கு முதலே, 2008 செப்டெம்பரில, சிங்கப்பூரில ராவு வெளிச்சத்துல ஓடின முதல் ஓட்டம். ரெனோ கொம்பனி தன்ட சின்னப் பொடியன் பிக்கேவை, போய்ச் சுவரில அடி எண்டு சொல்லி அடிக்க வெச்சுது. அதால ஓட்டம் குழம்பி, பதினஞ்சாவதாப் புறப்பட்ட அலொன்சோ வெண்டான். அடுத்த வருசம்தான் அது வெளியில வந்துது. அந்தக் குழப்பத்துல முன்னுக்கு நிண்ட மஸ்ஸாட காரில எண்ணெய்க் குழாயைக் கழட்ட முதல் விட்டு, அவன் குழாயையும் இழுத்துக்கொண்டு போனான். அந்த வருசக் கிண்ணம் அவனுக்கு ஒரு புள்ளியால போச்சு. இது எல்லாம் தடை இருந்த காலத்துல நடந்தது மனே, தடை இருந்த காலத்துல! கதவைப் பூட்டின உடனே கள்ளன் நல்லவனாகல்ல, கூரையைப் பிரிக்கப் படிச்சான்.

2010 மார்கழியில தடையை எடுத்துப் போட்டாங்கள். அப்ப எஃப்ஐஏக்குத் தலைவர் ஆரு? சொல்லு பார்ப்பம். ஜான் டொட். அதே டொட். ஒஸ்ரியாவில பரிக்கெல்லோவை நிப்பாட்டின டொட். அவர் பிழை செய்தார் எண்டு நான் சொல்லல்ல. பொய்யாப் போன சட்டத்தை எடுத்தது நல்ல வேலைதான். ஆனா அந்தத் தாளில கையெழுத்து வைக்கக்குள்ள மனிசன்ட மீசைக்குள்ள, மீசை இருந்தா, ஒரு சிரிப்பு ஓடியிருக்குமோ இல்லையோ?

நம்மட ஆக்கள்ட கதையும் இருக்கு. இங்கிலீசுக்காரனையும் இத்தாலிக்காரனையும் மட்டும் ஏசினா வழக்கு ஒருபக்கமாப் போயிடும்.

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஃபோர்முலா 1 ஓடின முதல் இந்தியன், 2005-ல ஜோர்டன் கொம்பனிக்கு ஓடினவன். அந்த வருசம் ஜூன் 19, அமெரிக்காவில இண்டியானாபொலிஸ். மிசெலின் டயர் அங்க சரிஞ்ச வளைவில தாங்காது எண்டு தெரிஞ்சு போச்சு. 20 காரும் கோட்டுக்கு வர முதல் சுத்துற சுத்தைச் சுத்திப்போட்டு, மிசெலின் போட்ட 14 காரும் கிறுகி உள்ளுக்குப் போயிட்டுது. ஓடினது ஆறு கார். காசு குடுத்து வந்த சனம் போத்தில் எறிஞ்சுது. நரேன் நாலாவது, அஞ்சு புள்ளி. இண்டைக்கு வரைக்கும் ஒரு இந்தியன் ஃபோர்முலா 1-ல எடுத்த புள்ளி அந்த அஞ்சுதான். நான் அதைப் பகடி பண்ணமாட்டன், நிண்டு ஓடினவனுக்குத்தான் புள்ளி. ஆனா நீ ஒண்டு யோசி. 14 சாரதிமார், உலகத்துலயே கெட்டிக்காரர், கட்டளை வந்த உடனே ஒருத்தன் மிச்சமில்லாமத் திரும்பிப் போனாங்கள். அதை ஒருத்தரும் டீம் ஓடர் எண்டு சொல்லல்ல. உயிர்ப் பயத்துல வந்த கட்டளை எண்டா அது புத்தி. புள்ளிப் பயத்துல வந்தா அநியாயம். அப்ப உனக்குக் கட்டளையில கோவம் இல்ல, காரணத்துலதான் கோவம். அதை நல்லாப் பிடிச்சு வை, புறகு உனக்கு எதிராவே நான் பாவிப்பன்.

நரேனைச் சொல்லக்குள்ள இன்னொண்டு அயத்துப் போகப் பார்த்துது. 2012-ல மலேசியாவில வெட்டல் நரேன்ட காரைச் சுத்தால முந்தப் போய் உரசி, டயர் கிழிஞ்சு, கோவத்துல நரேனை வெள்ளரிக்காய் எண்டு ஏசினான். மெதுவான கார் வழிவிடல்ல எண்டு அவ்வளவு கோவம். அடுத்த வருசம், 2013 மார்ச் 24, அதே மலேசியா. ரெட் புல் கொம்பனி ரகசியக் கணக்கொண்டு அனுப்புது, மல்டி 21. ரெண்டாம் நம்பர் கார் முன்னுக்கு, முதலாம் நம்பர் கார் பின்னுக்கு எண்டு கருத்து. ரெண்டாம் நம்பர் வெபர். முதலாம் நம்பர் நம்மட வெள்ளரிக்காய் மாப்பிள்ளை. கேட்டானா? கேக்கல்ல. வெபர் இஞ்சினைத் தணிச்சு வெச்சுக்கொண்டு ஓட, இவன் பாய்ஞ்சு முந்தி வெண்டான். அதே நாள் மெர்சிடீஸில ரொஸ்பேர்க் எண்ட பொடியன், ஹாமில்டனை முந்தாத எண்டு சொன்னதுக்கு முணுமுணுத்துக்கொண்டே பின்னுக்கு நிண்டான். சொல்லுக் கேட்டவன் நாலாமிடம், கேக்காதவன் முதலாமிடம். அந்த வருசக் கிண்ணமும் கேக்காதவனுக்குத்தான். இதை நான் உனக்குப் புத்திமதியாச் சொல்லல்ல. உனக்கு இப்ப என்ன யோசனை ஓடுது எண்டு முகத்துல தெரியுது. வேணாம்.

ஓடரே போடாம விட்டா என்ன நடக்கும் எண்டும் ஒரு கொம்பனி காட்டித் தந்துது. பேர் ஃபோர்ஸ் இந்தியா. பேரில இந்தியா, முதலாளி விஜய் மல்லையா, பட்டறை இங்கிலாந்துல. அந்தப் பேரில ஓட்டம் ஓடின இந்தியன் ஒருத்தனும் இல்ல. நம்மட ஊரில "யாழ்ப்பாணம் நல்லெண்ணெய்" எண்டு போத்தில்ல எழுதி விப்பாங்களே, அது போலத்தான். 2017-ல அவங்களுக்கு மெக்சிக்கோப் பெரெஸும் பிரான்ஸ் ஓக்கோனும். கனடாவில பெரெஸ் முன்னுக்கு, ஓக்கோன் பின்னுக்குப் புது டயரோட. அவனை விடு, அவன் முன்னுக்குப் போறவனைப் பிடிச்சுப் பார்க்கட்டும் எண்டு பெரெஸிட்டக் கேட்டாங்கள். கேட்டாங்கள், கட்டளை போடல்ல. எனக்கும் ஒரு சந்தர்ப்பம் தாங்க எண்டு பெரெஸ் இழுத்தான். இவங்கள் பேசி முடிய முதல் பின்னால வந்த வெட்டல் ரெண்டு பேரையும் முந்திக்கொண்டு போயிட்டான். ரெண்டு கிழமையால பாகுவில ரெண்டு பேரும் முட்டிக்கொண்டாங்கள். பெரெஸ் ஓட்டத்தை முடிக்கல்ல. ஆவணியில பெல்ஜியத்துல ஒரே ஓட்டத்துல ரெண்டு தரம் முட்டிக்கொண்டாங்கள். ஒருத்தனுக்கு டயர் போச்சு, மத்தவனுக்கு முன் இறக்கை போச்சு. அப்பதான் கொம்பனிக்குக் கண் திறந்துது. இனி விட்ட விளையாட்டு இல்ல, நாங்கள் சொல்றதுதான் எண்டாங்கள். அந்த வருசம் நாலாமிடம் வந்தாங்கள், அவங்கட காசுக்கு அது பெரிய காரியம். கடனைக் கட்டு எண்டு வங்கிக்காரர் கூப்பிடக் கூப்பிடக் கேக்காம 2016-ல லண்டனுக்குப் போன மனிசன்ட கொம்பனியில, சாரதிமார் மட்டும் சொல்லுக் கேக்கவேணும் எண்டா எப்படி?

அடுத்த பக்கத்தையும் பார். ரெண்டு பேரும் எங்களுக்குச் சமம், ஒருத்தனுக்கும் குறை வைக்கமாட்டம் எண்டு ஊர் முழுக்கச் சொன்ன கொம்பனி மக்லாரன். உன்ட கட்டாரிலதான் நடந்துது, லுசைல்ல, 2025 நவம்பர் 30. நீ வேலைக்கு மட்டம் போட்டுப் பார்த்த ஓட்டம், எனக்குத் தெரியும், உன்ட அம்மாக்குத்தான் தெரியாது. ஏழாஞ் சுத்தில பாதுகாப்புக் கார் வந்துது. மத்தக் கொம்பனி எல்லாம் ஓடிப் போய் டயர் மாத்த, மக்லாரன் மட்டும் ரெண்டு பேரையும் வெளியில விட்டுது. முன்னுக்கு நிண்ட பியாஸ்திரி ரெண்டாமிடம், நோரிஸ் நாலாமிடம், வெர்ஸ்டப்பன் வெண்டான். சமமாத்தான் கெடுத்தாங்கள், அதுல பிழை சொல்லேலாது. ஃபெராரிக்காரன் 2002-ல, இவன் மூத்தவன், இவன் இளையவன் எண்டு முகத்துக்கு நேர சொன்னான். பரிக்கெல்லோக்கு அது தெரியும், தெரிஞ்சுதான் சம்பளம் வாங்கினான். சமம் எண்டு சொல்லிக் கூப்பிட்டு, புறகு ராவோட ராவா வரிசை மாத்துற வீடுதான் பொல்லாத வீடு. மொன்சாவில பியாஸ்திரி கேட்டதும் அதைத்தானே? விடமாட்டன் எண்டு அவன் சொல்லல்ல. முதல் பேசினது ஒண்டு, இப்பச் சொல்றது ஒண்டு எண்டுதான் சொன்னான்.

ஆனபடியா என்ட தீர்ப்பு இது. ஓடர் இருக்கட்டும். தடுத்தா ஒளிச்சுச் செய்வாங்கள், ஒளிச்சுச் செய்யிறதுதான் பெரிய கேடு. ஆனா ரெண்டு சட்டம் போடவேணும். ஒண்டு, வருசம் தொடங்க முதல் எந்தச் சந்தர்ப்பத்துல ஆர் ஆருக்கு விடுறது எண்டு எழுதி ஒட்டவேணும், பிரதேச சபை ஏல அறிவித்தல் ஒட்டுற மாதிரி. ரெண்டாவது, கட்டளை போட்டவன் ஆரோ, அவன் ஓட்டம் முடிய மேடையில ஏறி, சாரதிமாருக்கு முன்னால நிக்கவேணும். "நான்தான் சொன்னன், என்ட லாபத்துக்குத்தான் சொன்னன்" எண்டு மைக்கில சொல்லவேணும். சனம் கூ அடிக்கிறதெண்டா அவனுக்கு அடிக்கட்டும். 2002-ல கூ வாங்கினது ஷூமாக்கர், அழுத முகத்தோட நிண்டது பரிக்கெல்லோ. டொட் எங்க நிண்டார் எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல.

என்ன, தலையை ஆட்டுறாய்? ஒத்துக்கொள்றியா? நல்லது. இப்ப உன்ட வழக்குக்கு வருவம்.

உனக்குக் கோவம் பியாஸ்திரிக்காக இல்ல மனே. பியாஸ்திரிக்குக் காசும் இருக்கு, வயசும் இருக்கு. உனக்குக் கோவம் என்னில. மச்சாளைக் கட்டித் தாறன் எண்டு வாக்குத் தந்துபோட்டு, உன்ட தங்கச்சிட வீடு முடியட்டும், பொறு எண்டு உன்னை நிப்பாட்டி வெச்சிருக்கன். படுவான்கரையில பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்காம அண்ணன்காரன் மாப்பிள்ளை ஆகேலாது, அது முறை. நீயும் முறை எண்டு நம்பிக் கட்டார் வெயில்ல லொறி ஓட்டின காசை அத்திவாரத்துல போட்டாய், சுவரில போட்டாய், கூரையில போட்டாய். ஒரு சொல் கேக்கல்ல. நல்ல பொடியன். ரொஸ்பேர்க் மாதிரி முணுமுணுத்ததோட சரி.

ஆனா நீ கேக்காத கேள்வி ஒண்டு இருக்கு. தங்கச்சிட வீட்டுக்கு ஆவணியிலேயே ஓடு போட்டு முடிஞ்சுது. கதவும் ஜன்னலும் பூட்டியாச்சு. கிணத்துக்குக் கட்டும் கட்டியாச்சு. மறுகா ஏன் மாமன் இன்னும் பொறு பொறு எண்டு சொல்றான்?

என்ட வளவுக்குள்ள மகளுக்கு எண்டு நான் எழுப்பின வீட்டை நீ கண்டனி. கடப்படியில நிண்டு நாளுக்கு ரெண்டு தரம் பார்க்கிறாய்தானே. ஆனாச் சுவருக்கு மேல கூரை இல்ல எண்டு உனக்குத் தெரியாது, ஏனெண்டா நீ பார்க்கிறது சுவரை இல்ல. போன போகம் வெள்ளம் அடிச்சுக்கொண்டு போச்சு. இந்த வேளாண்மை வெட்டினாத்தான் தீராந்திக்குக் காசு. வீடு இல்லாம மகளைக் குடுத்தான் போடி எண்டு ஊர் சொல்லும், அதுக்குப் பயந்துதான் உன்ட தங்கச்சிட வீட்டைச் சாட்டி உன்னைப் பின்னுக்கு வெச்சிருந்தன். மேடையில ஏறிச் சொல்லவேணும் எண்டேனே, இந்தா ஏறிட்டன். நான்தான் சொன்னன், என்ட லாபத்துக்குத்தான் சொன்னன். கூ அடிக்கிறதெண்டா அடி.

வழக்கு வைக்கப் போறியா? வை. நடுவர் உன்ட அம்மா. அவ என்ட தங்கச்சி.

இல்லாட்டி இன்னொரு வழி இருக்கு. நீ லீவு முடிஞ்சு போக முதல், மோட்டர் சைக்கிள் எடுக்க எண்டு கையில வெச்சிருக்கிற காசைத் தீராந்திக்கும் சிலாகைக்கும் தந்தாய் எண்டா, தையில நாள் பார்க்கலாம். கட்டப் போறது உன்ட பொஞ்சாதிட வீடுதானே. ஓடர் இல்ல மனே. கேட்டுப் பார்க்கிறன்.